நல்லதண்ணியில் கழுவிய மோட்டர்

திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்கு காத்தான்குடியில் அந்த வீட்டின் முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். மின்விசிறிக்கு நேர்கீழே, கைப்பிடியுள்ள கதிரையில், எங்கள் கார்ப் பந்தயக் கழகத் தலைவர் அப்துல் கபூர் ஹாஜியார். மேசைக்கு அந்தப் பக்கம், முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, வீட்டுக்காரன் றுஸ்தி. அவனுடைய மனைவி றஸீனா சமையலறை வாசலில், தையல் மெஷினுக்குரிய முக்காலியில். அவளுடைய மூத்த சகோதரன் றிஸ்வி தெருக்கதவு நிலையில் சாய்ந்தபடி தரையில். கதிரை போட்டும் அதில் இருக்கவில்லை. கழகச் செயலாளரான நான், உதயரூபன், மேசையின் குறுக்குப் பக்கத்தில், கடிதத்தாளும் உறையும் பசைக் குழாயும் முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். மேசையின் நடுவில், பழைய துணியொன்றின் மேல், ஒரு சின்ன மோட்டர்.

யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பின்னர் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் இதைப் பற்றிக் கதைத்தவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இருக்கவில்லை.

கச்சான் காற்று விடியற்காலையிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது. யன்னலைத் திறந்தால் மணல், மூடினால் வேக்காடு. ஒரு கதவைத் திறந்தும் மற்றதை மூடியும் வைத்திருந்தார்கள். உள்ளே சோறும் செப்பலி மீன் ஆணமும் தட்டுப் போட்டு மூடியபடி கிடந்தன. ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. றஸீனா எல்லோருக்கும் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். றிஸ்வி தன்னுடைய கிளாசைத் தொடவில்லை. தாய் வாழ்ந்து மவுத்தான வீட்டில், தங்கை ஊற்றிய தேநீரைத் தொடாமல் ஒருவன் இருக்கிறான் என்றால் அது எவ்வளவு கோபம் என்று அந்தப் பக்கத்து மனிதர்களுக்குத் தெரியும்.

எங்கள் கழகத்தில் பதினேழு பேர். றிமோட்டில் ஓடும் கார்கள். உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு. ஆரையம்பதிக்கு மேற்கே வாவியோரம் கைவிடப்பட்ட இறால் பண்ணையொன்றின் குளத்தில் தடம் போட்டிருக்கிறோம். மாரியில் அங்கே முழங்கால் தண்ணீர். கச்சான் தொடங்கினால் அடித்தரை காய்ந்து, உப்புப் பூத்து, சிமெந்து போல இறுகிவிடும். தென்மேற்கு மூலையில் மட்டும் ஒரு பள்ளம். அதிலே கறுத்த உப்புத்தண்ணீர் எந்தக் கோடையிலும் வற்றாது. அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் எங்கள் தடத்தின் மிக நெருக்கமான வளைவு.

றுஸ்தியின் காரை ஓட்டுவது றஸீனா. முதல் வருடம் ஹாஜியாரே முகத்தைச் சுளித்தார். அபாயாவின் கையை மணிக்கட்டுக்கு மேல் இறப்பர் பட்டியால் இறுக்கிக்கொண்டு அவள் ஓட்டுநர் மேடையில் ஏறி, அவருடைய மருமகனை இரண்டு சுற்று முந்திய பிறகு அவர் சுளிப்பதை நிறுத்திவிட்டார்.

இந்தக் கார்களுக்கு இரண்டு வகை மோட்டர் உண்டு. ஒன்றுக்கு உள்ளே சென்சர் இருக்கும். சுழலி எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரு மெல்லிய ஆறு நரம்புக் கம்பி வழியாக அது வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் நின்ற நிலையிலிருந்து கார் வழுக்கிக்கொண்டு புறப்படும். மற்றதில் சென்சர் இல்லை. சுழலத் தொடங்கிய பிறகுதான் பெட்டிக்கு நிலை பிடிபடும், அதுவரைக்கும் ஊகம்தான். ஆகையால் புறப்படும்போதும், வளைவில் வேகம் குறைந்து திரும்ப எடுக்கும்போதும் ஒருமுறை உதறும். எங்களூரில் அதை விக்கல் என்போம். சென்சர் உள்ளது கண்ணுள்ள மோட்டர், இல்லாதது குருடு. குருட்டை மண்ணில் புதைக்கலாம், தண்ணீரில் முக்கலாம், ஒன்றும் ஆகாது. கண்ணுள்ளது அப்படியல்ல. அதன் பின்மூடிக்குள் இருக்கும் நகமளவு தகட்டில் ஈரம் தங்கினால் முடிந்தது.

றஸீனா இரண்டு வருடம் குருட்டில் ஓட்டினாள். எட்டு மாதத்துக்கு முன் கட்டாரிலிருந்து றுஸ்தி திரும்பி வந்தபோது கண்ணுள்ள மோட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். கொழும்பில் நடக்கும் இறுதிப் போட்டியில் ஒரே அளவு மோட்டர்ப் பிரிவு என்று ஒன்றிருக்கிறது. அதற்குச் சென்சர் கட்டாயம். உள்ளே கம்பிச் சுற்று குறித்த எண்ணிக்கையில் குறைந்த மோட்டரை ஏற்கமாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பலம் என்பதால் ஓட்டத் தெரிந்தவர்தான் வெல்லலாம். திறந்த பிரிவில் எதுவும் போடலாம். அங்கே கொழும்புக்காரரின் பெரிய மோட்டர்களுக்கு முன்னால் எங்களுடைய குருடு ஒரு தையல் மெஷின். ஒரே அளவுப் பிரிவில் முதல் மூன்றுக்குள் வந்தால் கிழக்கு மாகாணத்துக்கான திருத்துமிடத்தை றுஸ்திக்குத் தருவதாகக் கொழும்பில் ஒரு கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் ஊரோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஆவணியில் திரும்பவும் தோகாவில் வேலை.

போன மாதம் போட்டிப் பரிசோதகர் வந்து அந்த மோட்டருக்கு முத்திரை ஒட்டிவிட்டுப் போனார். முத்திரை ஒட்டிய மோட்டரை மாற்ற முடியாது. விதியில் ஒரேயொரு விலக்கு: வேறொருவர் வேண்டுமென்றே சேதப்படுத்தினால், அவருடைய பெயரைக் குறித்துக் கழகச் செயலாளர் உறுதிப்படுத்தினால், புது மோட்டர் போடலாம். பெயர் குறிக்கப்பட்டவருக்கு நாட்டின் எல்லாக் கழகங்களிலும் இரண்டு வருடத் தடை. பெயர் அறிவித்தல் பலகையிலும் வரும். செயலாளரோடு ஓட்டுநரும் கையொப்பமிட்ட மூலக் கடிதம் பதிவுத் தபாலில் போகவேண்டும். அதற்கும் பிரிவு மாற்றும் படிவத்துக்கும் அந்தத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். தபாற்கந்தோரில் பதிவுத் தபால் நாலு மணி வரைக்கும்தான் எடுப்பார்கள்.

மோட்டர் சனிக்கிழமை காலையில் செத்துவிட்டது. பெற்றறியைக் கொடுத்தால் ஓரிடத்தில் நின்று நடுங்கியது. பெட்டியில் சிவப்பு விளக்கு. முதல்நாள் பின்னேரம் றிஸ்வி அதைக் கிணற்றடியில் வைத்துத் தண்ணீரில் கழுவியதைப் பக்கத்து வீட்டார் கண்டிருக்கிறார்கள். அதுதான் வழக்கு.

"எழுதுங்க உதயண்ணன்," என்றான் றுஸ்தி. "வேண்டுமென்றே. அந்தச் சொல்லு இல்லாட்டி இந்தக் கடிதத்தால ஒரு பிரயோசனமும் இல்ல."

"சொல்லு நல்ல சொல்லுதான்," என்றார் ஹாஜியார். "ஆளப் பாத்து எழுதோணும்."

"ஆள் இஞ்சதான் இரிக்கான் ஹாஜியார்." வாசலிலிருந்து றிஸ்வி. "வடிவாப் பாத்து எழுதச் சொல்லுங்க. கச்சி முகம்மது மகன் றிஸ்வி, ஏறாவூர், போட் எஞ்சின் திருத்துறவன். பேரப் பெரிசா எழுதுங்க உதயண்ணன். கொழும்புல கண் தெரியாதவனும் வாசிக்கோணும்."

"கேட்டீங்களா கத?" என்றான் றுஸ்தி. "மச்சான் செஞ்சதுக்குக் கொஞ்சமாவது..."

"மச்சான் எண்டு சொல்லாத."

"சரி. சொல்லல்ல. நீ செஞ்சதுக்கு."

மணி இரண்டு பத்து. இத்தனை வருடமும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றே கதைத்தவர்கள். அந்த 'நீ' விழுந்ததும் றஸீனா முக்காலியில் நேராக நிமிர்ந்தாள்.

"எத்தின தரம் சொன்ன நான் இவனுக்கு?" றுஸ்தி என்னிடம்தான் சொன்னான், பார்வை வாசலில். "போட் எஞ்சின் பிடிக்கிற கையால இதத் தொடவேணாம் எண்டு. இது மீன் நாத்தம் பிடிச்ச எஞ்சின் இல்ல. இதுக்குள்ள இரிக்கிறது மயிரளவு வேல."

"மீன் நாத்தத்துலதான்டா இந்த ஊடு எழும்பின." றிஸ்வி கையால் சுவரைத் தட்டினான். "இந்தக் கல்லு அத்தனையும் என்ட தோளால எறக்கின. தங்கச்சிக்கு ஊடு வேணும் எண்டு பதினாறு வயசில எஞ்சின் தூக்கப் போன நான். கட்டி முடிச்சி, தெறப்ப அவள்ட கையில குடுத்திட்டு, ஏறாவூரில பொண்டாட்டி ஊட்டுக்குப் போன. நீ வந்து குடியிருந்து ஒரு ஓடு மாத்தினியா?"

"அப்ப ஊட்டப் பேத்துத் தலையில வெச்சிக் கொண்டு போ. நாவற்குடாத் தாண்டி, பாலத்தாலயும் தூக்கிட்டுப் போ. ஏறாவூர்ச் சனம் பாக்கட்டும்."

"காக்கா, போதும்," என்றாள் றஸீனா, அண்ணனைப் பார்த்து.

"நீ பேசாத!" என்று இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விடயத்தில்தான்.

காற்று கடிதத்தாளைத் தூக்கியது. அதன் மேல் வைக்க வேறொன்றும் அகப்படாததால் செத்த மோட்டரையே எடுத்து வைத்தேன். றுஸ்தி அதைப் பார்த்தான். எட்டு மாதம் அவன் துடைத்துத் துடைத்து வைத்த சாமான் அது. இப்போது தாள் பறக்காமல் இருப்பதற்கு உதவியது.

"ஒருத்தர்ட பேர எழுதிக் கையொப்பம் வைக்கிறது நான்," என்றேன். "அதனால ஒழுங்காக் கேட்டு எழுதுறன். கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்க. வெள்ளிக்கிழமை கார் கடைசியா எப்ப ஓடின?"

"அஞ்சு மணி மட்டும் தடத்துல," என்றான் றுஸ்தி. "நான் நாவற்குடாவுக்குப் போயிட்டன், சில்லுக்குப் பூட்டுற ஒரு சாமான் எடுக்க. இவள்தான் ஓட்டின. இவன் கூடப் போயிரிக்கான். நான் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகுதான் ஊட்ட வந்த."

"காரை வீட்டுக்குக் கொண்டுவந்தது?"

"நான்," என்றான் றிஸ்வி. "என்ட மோட்டசைக்கிள்ல."

"மோட்டரைக் கழற்றினது?"

"நான்."

"என்ன செய்தீங்க?"

"கெடுத்தன்."

"எப்படிக் கெடுத்தீங்க? அதையும் எழுதவேணும்."

"தண்ணிக்குள்ள போட்டன்."

"எந்தத் தண்ணி?"

அவன் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "கிணத்துத் தண்ணிதான். நல்லதண்ணி. கடலால வாற எஞ்சினுக்கு மறுகா என்ன தண்ணிய ஊத்துற?"

"பிறகு?"

"ரெண்டு வாளி மாத்தின. மூண்டாவது வாளியில தண்ணி தெளிஞ்சிது. உதறி, குப்புற வெச்சி, பப்பா மரத்து நிழல்ல காயப்போட்ட. வெயில்ல வெச்சா றப்பர் வெடிக்கும். காஞ்ச பிறகு பேறிங் ரெண்டுக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் உட்டு, துணியில சுத்தி, பெட்டிக்குள்ள வெச்ச."

நான் எழுதுவதை நிறுத்தினேன். ஹாஜியாரும் கதிரையில் முன்னுக்கு வந்தார்.

"கெடுக்கிற மோட்டருக்கு எண்ணெய் எதுக்கு விட்டீங்க றிஸ்வி?"

அவன் தன் விரல்களைப் பார்த்தான். "கைப்பழக்கம்," என்றான்.

"குருட்டு மோட்டரையும் இப்படித்தான் கழுவினீங்களா?"

"ரெண்டு வருசமா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். இந்தப் பெரிய மனிசன் கட்டாருல ஏசிக்குள்ள கிடந்த நேரம் ஆர் பாத்த எண்டு நினைக்கிறாரு?"

"இது குருடு இல்லயே!" றுஸ்தி மேசையில் அடித்தான். பசைக் குழாய் உருண்டு கீழே விழுந்தது. "உள்ளுக்குச் சென்சர் இரிக்கி எண்டு ஊரே அறிஞ்ச கத. தண்ணி படக்கூடா எண்டு பெட்டியில சிவப்பால எழுதி ஒட்டியிரிக்கி. உப்புத் தூசி எண்டா பிறசால தட்டினாப் போதும். என்னத்துக்குக் கழுவின? அதச் சொல்லு!"

"தூசிதான்."

"தூசிக்கு மூண்டு வாளித் தண்ணியா?"

முன்பு மோட்டரின் கீழே கிடந்த துணியை எடுத்தேன். றிஸ்வி மோட்டரைச் சுற்றி வைத்தது அந்தத் துணியால்தான். ஒரு முனையில் விரல் துடைத்த அடையாளங்கள் காய்ந்து வெடித்திருந்தன. தடத்துத் தூசி சாம்பல் நிறம். இது கறுப்பு; மூக்கருகே கொண்டுபோனால் அழுகல் மணம். பதினேழு பேரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த மண் ஒரேயொரு இடத்தில்தான் உண்டு என்று.

"இது தென்மேற்கு மூலைப் பள்ளத்துச் சேறு," என்றேன். "கார் பள்ளத்துக்குள்ள போயிருக்கு."

"எழுதுங்க," என்றான் றிஸ்வி அவசரமாக. "நான்தான் தள்ளின எண்டு எழுதுங்க. காலால ஒதைச்சித் தள்ளின."

"பொய்," என்றாள் றஸீனா.

அவள் எழுந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். மணிக்கட்டில் அந்த இறப்பர் பட்டி இன்னும் கிடந்தது.

"பள்ளத்துக்குள்ள உட்டது நான். காக்கா காலச் சேத்துக்குள்ள வெச்சி எடுத்தாரு. தண்ணி சொட்டச் சொட்டத்தான் ஊட்ட கொண்டுவந்த. இவரு வாறதுக்குள்ள கழுவித் தாங்க எண்டு கெஞ்சினதும் நான். உப்புத்தண்ணி பட்டா நல்லதண்ணியால கழுவாம வேற என்ன செய்யிற எண்டு காக்கா கேட்டாரு. எனக்கும் சரியாத்தான் பட்டிச்சி."

"வாய மூடு புள்ள!" றிஸ்வி எழுந்துவிட்டான். "ஒன்ன ஆரும் கேட்டாங்களா?"

றுஸ்தி எழவில்லை. அவன் குரல் இறங்கியது. அது கத்தியதைவிடப் பொல்லாததாக இருந்தது.

"அண்ணனும் தங்கச்சியும். மூண்டு நாள். நான் சோறு தின்னாமக் கொள்ளாம பின்மூடியக் கழட்டி ஊதிக்கிட்டிரிக்கன், நீ பக்கத்துல நிண்டு ரோச்சு வெளிச்சம் பிடிச்ச. ரோச்சுப் பிடிச்சிக்கிட்டு, எப்பிடித் தண்ணி போச்சோ எண்டு என்னையே கேட்ட."

"ஓம். கேட்டன்."

"என்னெண்டு பள்ளத்துல உட்ட? ரெண்டு வருசமா அந்த வளைவுல ஒரு நாளும் விழாதவள்."

"அதுதான் காரணம்." அவள் அழவில்லை. கோபம்தான். "குருடு அந்த வளைவுல ஒரு விக்கு விக்கும். அந்த விக்கலுக்குள்ளதான் நான் கார்ட மூக்கத் திருப்புற. ரெண்டு வருசம் என்ட விரல் பழகின அது. ஒங்கட மோட்டருக்கு விக்கல் இல்ல. விரல அமத்தின உடனே பாயும். மற்றச் சுத்தெல்லாம் ஞாபகமா ஓட்டின. அந்தச் சுத்துல வாவிப் பக்கத்து வெயில் கண்ணுல அடிச்சிது, ஞாபகம் போச்சி, விரல் விக்கலுக்குக் காத்து நிண்டிச்சி. அது விக்கவேயில்ல. நேரே பள்ளம். அப்பயே சொல்லியிரிக்கோணும். ஒங்கட மூஞ்சப் பாத்தன், சொல்ல ஏலாமப் போச்சி."

"என்ட மூஞ்சி!"

"ஓம். ஒங்கட மூஞ்சிதான். எட்டு மாசமா அந்த மோட்டர் எனக்கு ஒத்துவரல்ல எண்டு சொல்ல வாயத் தெறக்கிற நேரமெல்லாம், ஒனக்கு என்ன தெரியும் எண்டு கேக்கிற மூஞ்சி."

மணி இரண்டு ஐம்பது. ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"இஞ்ச பாருங்க. நடந்தது நடந்துபோச்சி. உண்மை அல்லாஹ்வுக்குத் தெரியும். கடிதம் போறது கொழும்புக்குத்தானே? றிஸ்வியும் பேர எழுதச் சொல்லுறான். தடை எண்டா என்ன, அவன் காரா ஓட்டுறான்? உதயன், வேண்டுமென்றே எண்டு ஒரு சொல்லு. கழகத்துக்கும் ஒரு கிண்ணம் வந்தாலும் வரும்."

"எழுதிக் குடுங்க," என்றான் றிஸ்வி. "மோட்டர் வரட்டும். இந்தாளுக்குத் தோகாவுக்குப் போகாம ஊட்டோட இரிக்க ஆசை. நான் பிச்ச போட்டதா இரிக்கட்டும்."

"ஒன்ட பிச்சய ஒன்ட எஞ்சினுக்குள்ள ஊத்து," என்றான் றுஸ்தி. ஆனால் எழுத வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். அவன் மோட்டரைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கடைசிவரை சொல்லவில்லை. றஸீனாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டுமென்றே என்று நான் எழுதமாட்டன் ஹாஜியார்," என்றேன். "எண்ணெய் விட்ட மனுசன்ட பேரை அப்படி எழுத என்னால ஏலாது. வேற செயலாளரைப் போடுங்க."

"மூணு மணிக்கு வேற செயலாளருக்கு எங்க போற?"

"ஒருத்தரும் தேவையில்ல," என்றாள் றஸீனா. "ஓட்டுறவள் கையொப்பம் வெக்காட்டி அந்தக் கடிதம் செல்லுமா உதயண்ணன்?"

"செல்லாது."

"நான் வெக்க மாட்டன். மற்றப் படிவத்த எடுங்க. திறந்த பிரிவு. சென்சர் இல்லாத மோட்டர். எழுதுங்க."

றுஸ்தி சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "திறந்த பிரிவா? அங்க வாற மோட்டரக் கண்டிரிக்கியா நீ? முதல் சுத்திலயே ஒன்னச் சப்பித் துப்பிருவானுகள். பன்னெண்டு காருல பன்னெண்டாவதா வருவாய். அதுக்கு ஆறு மணித்தியாலம் பஸ்ஸில போகோணுமா?"

"கடைசியா வந்தா என்ட சொந்தக் கடைசி."

"அப்ப ஆவணியில நான் தோகா. வெளங்குதா ஒனக்கு? விசாவுக்கு நாளைக்கே எழுதுவன். ஒரு சொல்லு, றஸீனா. ஒரேயொரு சொல்லு. அதுக்கு என்னத் தூக்கி அனுப்பப் போறாய்."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் முனகியது. அந்த வீட்டில் எட்டு வருடம் அவள் புருசன் இல்லாமல் இருந்தவள். தோகா என்றால் என்ன என்று அங்கிருந்த எவரையும்விட அவளுக்குத் தெரியும்.

"போறதெண்டா போங்க," என்றாள். "காக்காட பேர வித்து ஒங்கள நான் ஊட்டுல வெச்சிரிக்க ஏலா. வெச்சாலும், ஒங்களுக்குச் சோறு போடுற ஒவ்வொரு நேரமும் எனக்கு அந்தச் சொல்லு ஞாபகம் வரும்."

படிவத்தை நிரப்பினேன். கழகத்தின் பெயர். ஓட்டுநர்: திருமதி றஸீனா. பிரிவு: திறந்தது. மோட்டர் வகை: சென்சர் அற்றது. முத்திரையிட்ட மோட்டர் உப்பு நீர் புகுந்து பழுதடைந்தது, காரணம் விபத்து. இயந்திரப் பொறுப்பாளர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

"என்ட பேர எழுதவேணாம்," என்றான் றுஸ்தி. "குருட்டுக்கு நான் பொறுப்பில்ல."

"காக்காட பேர எழுதுங்க," என்றாள் அவள்.

றிஸ்வி செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றான். அங்கிருந்தே கத்தினான். "என்னக் கேட்டா எழுதுறாய்? எனக்கு எறால் சீசன். பன்னெண்டு எஞ்சின் கழட்டின மாதிரிக் கிடக்கு. கொழும்புக்கு வாற ஆள் நான் இல்ல!"

"பேரப் பெரிசா எழுதச் சொன்னது நீங்கதானே? கண் தெரியாதவனும் வாசிக்கோணும் எண்டு? எழுதுறம். வந்து கையொப்பம் வெச்சிட்டுக் கத்துங்க."

அவன் செருப்போடு உள்ளே வந்து, என் கையிலிருந்த பேனையைப் பறித்து, கிறீஸ் ஏறிய விரலால் தாளில் ஒரு கறை வைத்து, கையொப்பமிட்டான். றுஸ்தியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் போகும் வழியில், கதவடியில் ஆறிக் கிடந்த பிளேன்ரீயைக் குனிந்து எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

"சீனி காணா," என்று சொல்லிவிட்டு மோட்டசைக்கிளை உதைத்தான்.

றஸீனாவும் நானும் ஒப்பமிட்ட பிறகு ஹாஜியார் தலைவரின் கையொப்பத்தை வைத்துவிட்டு, "இந்தக் கழகத்துக்குக் கிண்ணம் வாங்குற நசீப் இல்ல," என்று முணுமுணுத்தபடி குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

மணி மூன்று பத்து. படிவத்தை மூன்றாக மடித்து உறைக்குள் இட்டேன். மேசைக்கடியில் தேடிப் பசைக் குழாயை எடுத்தேன். வாய் காய்ந்து அடைத்திருந்தது. குண்டூசியால் குத்தி, கிடைத்ததைப் பூசி ஒட்டினேன். முகவரியை அச்செழுத்துப் போல எழுதினேன். றஸீனா உள்ளே போய் மீன் சட்டியின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கோப்பை வைக்கும் சத்தம்; பிறகு இன்னொன்று.

சைக்கிளை எடுக்கும்போது றுஸ்தி கேற்றடிக்கு வந்தான். கையை நீட்டினான். உறையைக் கொடுத்தேன். கிழித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். கிழித்தால் இன்னொரு படிவம் பையில் இருக்கிறது என்றும் நினைத்தேன். அவன் உறையைத் திருப்பிப் பார்த்தான். ஒரு மூலையில் பசை பிடிக்காமல் கச்சான் காற்றில் மடிப்பு விரிந்து எழும்பியிருந்தது.

"கொழும்பு மட்டும் தாங்காது இது," என்றான். நாக்கில் பெருவிரலைத் தொட்டு, அந்த மூலையைக் கேற்றுத் தூணில் வைத்து அழுத்தி, ஒட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றான். மோட்டரின் பின்மூடியை மூடும்போது பிடிப்பானே, அப்படி. பிறகு நீட்டினான்.

"இந்தாங்க. விசாவுக்கு எழுதுற கடிதத்துக்கும் நாளைக்கு வாங்க உதயண்ணன். அதுக்கு நல்ல பசை கொண்டு வாங்க."

உறையைப் பைக்குள் வைத்துச் சைக்கிளில் ஏறினேன். எதிர்க்காற்று, பிரதான வீதி முழுக்க மணல் ஓடிக்கொண்டிருந்தது. தபாற்கந்தோரில் எனக்கு முன்னால் இரண்டு பேர். மூன்று ஐம்பதுக்கு லிகிதர் உறையைத் தராசில் வைத்து, முத்திரை ஒட்டி, பதிவு இலக்கத்தைக் குறித்தார். றுஸ்தி அழுத்திய மூலையை விரலால் தடவிப் பார்த்தார், அது அசையவில்லை. சாக்குக்குள் போட்டார். பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.